தொண்ணூறில் நூறு எங்கே?

ஒன்றிலிருந்து நூறு வரை சொல்லத் தொடங்கும் இரண்டாம் வகுப்புப் பிள்ளை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி நிற்கும். ‘எண்பத்தேழு, எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது’ என்று கடகடவென ஓடிவந்த குரல் அங்கே தயங்கும். சில பிள்ளைகள் நேராக நூறுக்குத் தாவிவிடும். சில பிள்ளைகள் தமிழில் இல்லாத ஒரு சொல்லைத் தாமே உண்டாக்கும்: ‘ஒன்பதுபது’.

அந்தச் சொல்லில் பிள்ளையின் அறிவு தெரிகிறது. இருபது, முப்பது, நாற்பது என்று எண்பது வரை ஒரே அச்சில் வந்த பெயர்கள், தொண்ணூறில் அச்சை மாற்றிக்கொள்கின்றன. நூறுக்குப் பத்துக் குறைந்த எண்ணின் பெயருக்குள் நூறு உட்கார்ந்திருக்கிறது. தொள்ளாயிரத்திலும் அப்படித்தான், ஆயிரத்தை எட்டாத எண்ணுக்குள் ஓர் ஆயிரம். பிள்ளை குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பத்து முறை ஒப்பிக்க வைத்தாலும் இந்தக் குழப்பம் முழுதாகத் தீராது. ஒரு பிடி ஈர்க்குச்சியும் கொஞ்சம் ரப்பர் பேண்டும் இருந்தால் தீர்ந்துவிடும். பத்துப் பத்தாகக் கட்டிய எட்டுக் கட்டு, பக்கத்தில் ஒன்பது உதிரிக் குச்சி. அது எண்பத்தொன்பது. இன்னொரு குச்சியைச் சேர்த்ததும் உதிரி பத்தாகிறது. அதையும் கட்டினால் ஒன்பது கட்டு. அதன் பெயர்தான் தொண்ணூறு. நூறாக வேண்டுமானால் இன்னும் ஒரு முழுக் கட்டு வேண்டும் என்பது பிள்ளையின் கண்ணுக்கே தெரிகிறது.

இந்தக் கட்டும் உதிரியும் சில ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பழகியவை. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலையின் அடிவாரத்தில், கோமுகி அணையை ஒட்டிய பேரூராட்சி வடக்கனந்தல். கரும்பு, நெல், மக்காச்சோளம், மரவள்ளி விளையும் பூமி. பக்கத்தில் கச்சிராயபாளையத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. வெட்டிய கரும்பைக் கட்டுக்கட்டாகக் கட்டி வண்டியில் ஏற்றுவதைப் பார்த்தே வளரும் பிள்ளைகளுக்குக் ‘கட்டு’, ‘உதிரி’ என்ற சொற்களுக்கு யாரும் பொருள் சொல்ல வேண்டியதில்லை. பத்தின் கணக்கு அவர்கள் வீட்டு வரப்பிலேயே இருக்கிறது. அதை வகுப்பறைக்குள் கொண்டுவருவதுதான் ஆசிரியரின் வேலை.

மணலில் தொடங்கிய கதை

கையால் செய்து கற்பது வெளிநாட்டிலிருந்து வந்த புதுமை என்று பலர் நினைக்கிறார்கள். கதை கொஞ்சம் வேறு. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதித்தான் எழுத்துப் பழகினார்கள். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். 1789-இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான ராணுவ விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளிக்குள் கொண்டுவந்தார். மாணவரே மாணவருக்குச் சொல்லித்தரும் முறையையும் வளர்த்தெடுத்தார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

1939-இல் கல்வியாளர் மரியா மாண்டிசோரி சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டதால் இத்தாலிக்காரரான அவர் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அந்தக் காலத்தின் ஒரு பகுதியைக் கொடைக்கானலில் கழித்தார். அவருடைய புகழ்பெற்ற கருவிகளில் ஒன்று, உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்து. பிள்ளை அதன்மேல் விரலை ஓட்டிக்கொண்டே ஒலியைச் சொல்லும். விரலுக்குத் தெரிந்த வடிவம் பென்சிலுக்கும் தெரியும் என்பது அவர் கண்டது. விஜயதசமியன்று அரிசித் தட்டில் பேரப்பிள்ளையின் விரலைப் பிடித்து ‘அ’ போடும் தாத்தாவும் செய்வது அதைத்தான். ஒரே வேறுபாடு, தாத்தா ஆண்டுக்கு ஒரு நாள் செய்வதை வகுப்பறை நாள்தோறும் செய்ய வேண்டும்.

ஏணியும் அரும்பும்

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் கையால் செய்து கற்கும் முறை பெரிய அளவில் நுழைந்தது 2003-இல். மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமாரின் முயற்சியில் சென்னைப் பள்ளிகளில் ‘செயல்வழிக் கற்றல்’ தொடங்கியது. ஆந்திராவின் ரிஷிவேலியில், சிற்றூர்ப் பள்ளிகளுக்கென உருவாக்கிய அட்டை முறைதான் முன்மாதிரி. சில ஆண்டுகளில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எங்கும் அது போய்ச் சேர்ந்தது. அந்த வகுப்பறையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் உட்கார்ந்தார். சுவரின் அடிப்பகுதியில், பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை ஓடியது. தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் பிள்ளைகளின் ஓவியங்கள் தொங்கின. ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் ஏணிப் படம், அதில் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பிள்ளைக்கே தெரியும்.

அந்த ஏணியின் அருமை கல்வராயன் மலையை அறிந்தவர்களுக்கு நன்றாகப் புரியும். மலையிலும் அடிவாரத்திலும் வேலை தேடி வெளியூர் போகும் குடும்பங்கள் உண்டு. பெற்றோருடன் போய், சில வாரம் கழித்துத் திரும்பும் பிள்ளைக்கு வகுப்பு ஐந்து பாடம் முன்னே போயிருக்கும். ஏணி முறையில் அந்தப் பிள்ளை விட்ட படியிலிருந்தே ஏறலாம்.

அடுத்த பெரிய இடைவெளி கொரோனா காலத்தில் வந்தது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பறையில் உட்காராமலேயே பிள்ளைகள் இரண்டாம் வகுப்புக்கு வந்தார்கள். அதைச் சரிசெய்யத்தான் 2022 ஜூன் 13-இல் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கம் பள்ளியில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கப்பட்டது. முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை, மறு கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும். பிள்ளைகள் வயதை வைத்தல்லாமல், தெரிந்ததை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் சேர்ந்து உட்காருகிறார்கள். இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்பையும் பார்க்கும் சிற்றூர்ப் பள்ளிக்கு இது பொருத்தமான ஏற்பாடு.

ஒரு நாளின் ஒழுங்கு

செயல்பாடு நிறைந்த வகுப்பு இரைச்சலாக இருக்கும் என்ற பயம் பெற்றோருக்கு உண்டு. அடுத்து என்ன நடக்கும் என்று பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் அந்த இரைச்சலுக்கு ஓர் ஒழுங்கு வந்துவிடும். அதற்குத்தான் நாள்தோறும் மாறாத சில பழக்கங்கள் தேவை.

காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தபின், சாப்பாட்டோடுதான் பள்ளி நாள் தொடங்குகிறது. கை கழுவி வந்ததும் முதல் வேலை வருகைப் பதிவு. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் எழுதிய தன் பெயரைக் கண்டுபிடித்து, ‘வந்தேன்’ பக்கத்தில் பிள்ளையே மாட்டிவிடும். இதில் இரண்டு பாடம் அடங்கியிருக்கிறது. தன் பெயரையும் தோழர் பெயரையும் வாசிப்பது ஒன்று. மொத்தம் இருபத்தேழு பேர், வந்தவர் இருபத்துமூன்று பேர், வராதவர் எத்தனை என்று கழித்துப் பார்ப்பது இன்னொன்று. கழித்தல் கணக்குக்கு இதைவிடப் பொருளுள்ள காரணம் கிடைக்காது. ஏனென்றால் வராத நான்கு பேரும் கூட்டாளிகள்.

அடுத்து, வானிலை அட்டையில் வெயிலா மேகமா மழையா என்று அன்றைக்குப் பொறுப்பான பிள்ளை குறிக்கும். மாதக் கடைசியில் மழை நாட்களை எண்ணினால் அதுவே முதல் புள்ளிவிவரப் பாடம். பிறகு பாட்டு, குழு வேலை, கதை. நாளின் கடைசியில், எடுத்த பொருளை எண்ணி டப்பாவில் திரும்ப வைப்பது. பத்துப் பத்தாகக் குவித்து எண்ணி வைத்தால் அதுவும் கணக்குப் பாடம்தான். சின்னப் பிள்ளைகள் புளியங்கொட்டை போன்ற சிறு பொருளை மூக்கிலும் வாயிலும் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளவும் இந்த எண்ணிக்கை உதவும்.

கை தட்டினால் எழுத்து

தமிழின் 247 எழுத்துகளையும் தனித்தனியே மனப்பாடம் செய்வது பிள்ளைக்கு மலை. உண்மையில் பிள்ளை கற்க வேண்டியவை 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், பிறகு துணைக்கால், கொம்பு, விசிறி போன்ற குறிகள் உயிர்மெய்யாகச் சேரும் விதம். இரண்டு வட்ட அட்டைகளை நடுவில் ஒரு பொத்தான் வைத்துத் தைத்தால் உயிர்மெய்ச் சக்கரம் தயார். வெளி வட்டத்தில் க, ம, ப, வ. உள்வட்டத்தில் குறிகள். திருப்பத் திருப்ப கா, மா, பா, வா வரும். ஒன்று தெரிந்தால் மற்றவை தாமாக வரும் என்று பிள்ளை கண்டுபிடிக்கும் நொடியில் முகமே மாறிவிடும்.

வாசிப்புக்கு முன்னால் காது பழக வேண்டும். ஊர்ச் சொற்களைக் கைதட்டிப் பிரிக்கலாம். கோ–மு–கி என்றால் மூன்று தட்டு, எழுத்தும் மூன்று. ம–ர–வள்–ளி என்றால் நான்கு தட்டு, எழுதிப் பார்த்தால் ஐந்து எழுத்து. மிச்சமான அந்த ஓர் எழுத்து யார்? புள்ளி வைத்த ‘ள்’. மெய்யெழுத்து தனியாகத் தட்டு வாங்காது, முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்ற இலக்கணம், விதி எதுவும் சொல்லாமலே உள்ளே இறங்குகிறது. பிள்ளைகளின் பெயர்களை வைத்தும் இதையே ஆடலாம்.

மலைப்பள்ளிகளில் பிள்ளைகள் வீட்டில் பேசும் தமிழுக்கும் புத்தகத் தமிழுக்கும் இடைவெளி கூடுதல். அங்கே முதல் வாசிப்புச் சொற்கள் பலா, தேன், சாமை, கடுக்காய் என்று மலையிலிருந்தே வரட்டும். கையில் கடுக்காயை வைத்துக்கொண்டு ‘கடுக்காய்’ என்று வாசிக்கும் பிள்ளைக்கு எழுத்து அந்நியமாகத் தோன்றாது.

புளியங்கொட்டைக் கணக்கு

பல்லாங்குழிப் பலகையில் பக்கத்துக்கு 7 குழி. குழிக்கு 5 புளியங்கொட்டை போட்டால் ஒரு பக்கம் 35, இரு பக்கமும் 70. ஆடும்போது நான்கு கொட்டை சேர்ந்ததும் ‘பசு’ என்று எடுக்க வேண்டும். எண்ணாமல் பார்வையாலேயே நான்கை அடையாளம் காணும் பழக்கம் அதில் வருகிறது. காலியான குழி சுழியத்தைக் காட்டுகிறது. ‘ஒன்றுமில்லை’ என்பதற்கும் ஓர் இடம் உண்டு என்று காட்ட இதைவிட நல்ல படம் இல்லை.

அளவைக்குப் பூக்காரம்மாவின் முழம். வகுப்பிலுள்ள எல்லோரும் ஒரே பாயை முழம் போட்டால் ஒருவருக்கு ஆறு வரும், ஒருவருக்கு ஏழரை வரும், ஆசிரியருக்கு நாலரை வரும். யார் சொல்வது சரி என்று சண்டை வந்தபிறகு அளவுகோலை எடுத்துக் கொடுத்தால், அது ஏன் தேவை என்று யாரும் விளக்க வேண்டாம்.

இன்னொரு தடுக்கல், ‘நூற்றிரண்டு’ எழுதச் சொன்னால் 1002 என்று எழுதுவது. காதில் விழுந்தபடி 100 எழுதி, பக்கத்தில் 2 போட்டிருக்கிறது பிள்ளை. 100 என்ற அட்டையின் கடைசிச் சுழியத்தின்மேல் 2 என்ற சிறிய அட்டையை வைத்துக் காட்டினால் 102 தெரியும். மேலே வைத்ததைத் தூக்கினால் சுழியம் அடியிலேயே இருக்கும்.

எங்கே தவறுகிறது

இவ்வளவும் தெரிந்த பிறகும் பல வகுப்பறைகளில் செயல்பாடு வெறும் விளையாட்டாக முடிவதற்குக் காரணங்கள் உண்டு. ஆசிரியர் இரவெல்லாம் உட்கார்ந்து செய்த அழகான அட்டை, கிழிந்துவிடும் என்று பீரோவுக்குள் போய்விடுகிறது. பதிவேடும் செயலியில் ஏற்ற வேண்டிய மதிப்பீடும் பிள்ளையோடு இருக்கும் நேரத்தைத் தின்கின்றன. இன்னொரு பக்கம், கொட்டையை எண்ணியதோடு பாடம் நின்றுவிடுகிறது.

அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-களில் சொன்ன வரிசை இங்கே உதவும்: முதலில் கை, பிறகு படம், பிறகு குறியீடு. சிங்கப்பூர் 1980-களில் தன் தொடக்கப் பள்ளிக் கணக்கை இந்த வரிசையில்தான் அமைத்தது. குச்சியைக் கட்டிய பிள்ளை அந்தக் கட்டைச் சிலேட்டில் வரைய வேண்டும், வரைந்ததன் கீழே 90 என்று எழுத வேண்டும். நடுவே ஆசிரியரின் கேள்வி வேண்டும்: ‘இன்னும் ஒரு குச்சி வைத்தால் என்ன ஆகும்?’ கேள்வி இல்லாத குச்சி, அடுப்புக் குச்சிதான்.

பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு. ‘இன்னிக்கு நோட்டுல என்ன எழுதுன?’ என்று கேட்கும் அம்மா, ‘இன்னிக்கு என்ன செஞ்ச, எனக்கும் செஞ்சு காட்டு’ என்று ஒருநாள் கேட்டுப் பார்க்கலாம். செய்து காட்டத் தெரிந்தால் பாடம் புரிந்திருக்கிறது.

மழைக்காலம் வந்துவிட்டால் வடக்கனந்தலுக்கென்றே ஒரு செயல்பாடு இருக்கிறது. கோமுகி அணையின் முழு உயரம் 46 அடி. நீர்மட்டம் எவ்வளவு என்று செய்தித்தாளில் வரும், டீக்கடையிலும் பேச்சு அடிபடும். சுவரில் ஓர் அட்டை, அடிக்கு ஒன்றாகப் பாட்டில் மூடிகள், பத்து மூடிக்கு ஒரு வரிசை. நீர்மட்டம் 38 அடி என்றால் மூன்று வரிசை நிரம்பி, நான்காவதில் எட்டு மூடி இருக்கும். அணை நிரம்ப இன்னும் எத்தனை மூடி வேண்டும் என்ற கேள்வியைப் பலகையில் எழுதிவைத்துவிட்டு, காலையில் செய்தியோடு வரப்போகும் பிள்ளைக்காக எட்டு மூடிகளை எடுத்து ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போகலாம்.