பார்த்தால் ஒட்டுமா மெட்ராஸ் ஐ?

வகுப்பில் யாருக்காவது கண் சிவந்திருந்தால் "அவன் கண்ணைப் பார்க்காதே, உனக்கும் வந்துவிடும்!" என்கிறோம். பார்த்தால் மெட்ராஸ் ஐ என்ற இந்தக் கண் நோய் ஒட்டாது. பார்க்கும்போது நம் கண்ணுக்குள் வருவது ஒளி மட்டுமே. ஒளியோடு வைரஸ் வராது.

பின்னே எப்படி ஒட்டுகிறது? பெரும்பாலும் கை வழியாக!

கண்ணின் வெள்ளைப் பகுதியையும் இமையின் உட்புறத்தையும் ஒரு மெல்லிய படலம் மூடியிருக்கிறது. மெட்ராஸ் ஐயில் அதைத் தாக்குவது பெரும்பாலும் அடினோ வைரஸ். அதை எதிர்க்க உடல் வெள்ளை ரத்த அணுக்களை அனுப்புகிறது. அங்குள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிகின்றன. கண் சிவப்பது அதனால்தான். மண் விழுந்ததுபோல் உறுத்தும், நீர் வடியும். அந்த நீரில் வைரஸ் இருக்கும். கண்ணைக் கசக்கிய கை பேனாவையும் கதவுப்பிடியையும் தொடும். அவற்றை நீங்களும் தொட்டுவிட்டு உங்கள் கண்ணைத் தேய்த்தால் போதும், வைரஸ் உள்ளே வந்துவிடும்.

இதேபோல் ஒட்டும் வேறொரு கண் நோய் 1969இல் ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் வேகமாகப் பரவியது. அப்பல்லோ 11 விண்கலம் நிலவில் இறங்கிய காலம் அது. அதனால் மக்கள் அந்த நோயை 'அப்பல்லோ நோய்' என்றார்கள். நிலவுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. காரணம், என்டரோவைரஸ் 70 என்ற வேறொரு வைரஸ்!

சிவந்த கண்ணெல்லாம் மெட்ராஸ் ஐ அல்ல. தண்ணீராக வடிந்தால் பெரும்பாலும் வைரஸ். மஞ்சள் பீளை கட்டிக்கொண்டே இருந்தால் பாக்டீரியாவாக இருக்கலாம். இரண்டு கண்ணும் கடுமையாக அரித்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். அது யாருக்கும் ஒட்டாது. டாக்டர் இவற்றையெல்லாம் கேட்டுப் பார்த்துத்தான் மருந்து தருவார்.

வைரஸால் வந்தது பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தானே ஆறிவிடும். ஆன்டிபயாடிக் வைரஸைக் கொல்லாது. சுத்தமான ஈரத்துணியால் குளிர்ந்த ஒத்தடம் கொடுத்தால் இதமாக இருக்கும். கறுப்புக் கண்ணாடி கண் கூசுவதைக் குறைக்கும். நோய் பரவுவதைத் தடுக்காது. கண்ணில் தாய்ப்பால் விடுவது வேண்டாம். கடையில் நீங்களாகச் சொட்டு மருந்து வாங்குவதும் வேண்டாம். சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். சில கண் நோய்களை அது மோசமாக்கிவிடும்.

கண் கடுமையாக வலித்தாலோ, பார்வை மங்கினாலோ, வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாவிட்டாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ, நெல் உமியோ குச்சியோ கண்ணில் குத்தியிருந்தாலோ அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும்.

எப்போதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். துண்டு, தலையணை, கண்மை எதையும் பகிராதீர்கள். கண் சிவந்த நண்பரைக் கேலி செய்யாதீர்கள். அவர் வீட்டில் ஓய்வெடுக்கும்போது அன்றைய பாடத்தைப் போனில் சொல்லிக்கொடுங்கள்.