குறி நழுவுவது ஏன்?

2001இல் கேம்கியூபில் வந்த ‘பிக்மின்’ விளையாட்டில் பிக்மின் உயிர்களை எறியும் குறிக்கும் அவற்றின் தலைவனுக்கும் சேர்த்து ஒரே குச்சி. குறியைச் சற்றுத் தள்ளினால் தலைவனும் பின்னாலேயே இழுபட்டு, பூச்சியின் வாயருகே போய் நிற்பான்! 2008இல் ஜப்பானில் அதே விளையாட்டு வீ கருவிக்கு மறுபடி வந்தபோது குறி ரிமோட்டின் வசம் போனது; தலைவன் தன்பாட்டுக்கு நடந்தான்.

வீ கருவிக்காக டிவிமேல் வைக்கும் பட்டைதான் நம் கையைக் கவனிக்கிறது என்று பலர் நினைப்பதுண்டு. இல்லை. அதில் இருப்பது இரு முனையிலும் அகச்சிவப்பு விளக்குகள், அவ்வளவே. பார்ப்பது ரிமோட்டின் நுனியிலுள்ள கேமரா. அந்த வெளிச்சப் புள்ளிகள் அதன் பார்வையில் எங்கே விழுகின்றன என்பதை வைத்து, ரிமோட் எதை நோக்கி நீள்கிறது என்று கணக்கிடுகிறது. பட்டைக்குப் பதில் இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றிவைத்தாலும் வேலை நடக்கும், திரைச்சீலை பத்திரம்.

ஸ்விட்ச் கருவிக்கு அந்தப் பட்டை கிடையாது. அங்கே குறியை நகர்த்துவது கையிலுள்ள கட்டுப்படுத்தியின் கைரோஸ்கோப். அது திரையைப் பார்ப்பதே இல்லை. கை திரும்பும் வேகத்தை அளந்து, கூட்டிக்கூட்டிக் கோணத்தைக் கண்டுபிடிக்கிறது. ஒவ்வொரு கூட்டலிலும் நுண்பிழை சேரும். குறி மெல்ல நழுவும். 2021இல் ஸ்விட்சுக்கு மறுபடி வந்த ‘ஸ்கைவார்டு ஸ்வோர்டு’ விளையாட்டு, குறியை நடுவுக்கு இழுக்கவென்றே ஒய் பொத்தானை ஒதுக்கியது.