தாமன்: உடுத்திய உடையே சேமிப்பாக

முனிர்காவும் ஷாபூர் ஜாட்டும் தில்லித் தமிழர்க்கு இன்று குடியிருப்புகளாகவும் கடைத்தெருக்களாகவுமே அறிமுகம். முன்பு இவை கோதுமையும் கம்பும் விளைந்த உழவர் சிற்றூர்கள். இத்தகைய ஊர்களின் பெண்டிர் அணிந்த உடை மூன்று பகுதிகளைக் கொண்டது: தாமன் என்னும் கனத்த பாவாடை, குர்தி என்னும் சட்டை, தலையையும் தோளையும் மூடும் ஓட்னி.

பல கெஜத் துணியை நெருக்கமாகக் கொசுவித் தைத்தது தாமன். அதன் அகலம் வெறும் பகட்டன்று. வயலில் குனிந்து அறுக்கவும், வரப்பைத் தாண்டவும், தரையில் அமர்ந்து பால் கறக்கவும் அது இடம் தந்தது. பெண்கள் இராட்டையில் நூற்ற நூலை ஊர் நெசவாளர் நெய்தனர், சாயக்காரர் நிறமூட்டினர். ஓட்னியின் நிறம் செய்தியும் சொல்லிற்று. மஞ்சள் நிறப் பீலியா, குழந்தை பெற்றவளுக்குப் பிறந்தகம் அனுப்பும் சீராகும்.

இவ்வுடையோடு வெள்ளியும் சேர்ந்தே இருந்தது. நம் ஊர்க் காறையை ஒத்த ஹன்ஸ்லி, இடுப்பில் தக்ரி, காலில் கனத்த கடி ஆகியவற்றை அணிந்தனர். வழக்கப்படி நிலம் ஆண்மக்களுக்கே சென்ற காலத்தில், பெண் தனக்கென வைத்திருந்த செல்வம் பெரும்பாலும் இந்த வெள்ளியே. மழை பொய்த்த ஆண்டில் அதுவே அடகுக்குச் சென்றது. நல்ல விளைச்சலில் மீண்டு வந்தது. மகள்களுக்கும் கூட்டுக்குடும்பச் சொத்தில் சமபங்கு தந்த இந்து வாரிசுரிமைத் திருத்தம் 2005இல்தான் வந்தது.

ஆலைத்துணி மலிந்தது, நகரம் வயல்களை விழுங்கியது, இளையோர் சல்வாருக்கு மாறினர். பழைய தாமன்கள் கிழிந்து மெத்தை விரிப்பாயின. வெள்ளி உருக்குக்குச் சென்றது. உருக்கிய வெள்ளிக்கு எடை உண்டு. யார் அணிந்தது, எதற்காக வாங்கியது என்னும் வரலாறு அதில் இல்லை.

நம் வீட்டுப் பெட்டியில் உறங்கும் பாட்டியின் கண்டாங்கிக்கும் காதணிக்கும் இதே நிலை நேரலாம். பழஞ்சேலையைப் பிளாஸ்டிக் உறையில் இடாமல் வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுவோம். சில மாதங்களுக்கு ஒருமுறை நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றுவோம். நகையை நிறுத்து, படமெடுத்து, உரியவர் பெயரையும் ஆண்டையும் குறித்து வைப்போம். பணம் தேவைப்படின், விற்பதற்கு முன் ஈட்டுக் கடனை எண்ணிப் பார்க்கலாம். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட நெறிமுறைகளில் பொன்னோடு வெள்ளி நகைக்கும் இடமுண்டு. அடகு வைத்ததை மீட்கலாம். உருக்கியதை மீட்க இயலாது.