மருந்தின் நான்காம் கூறு

திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் 'மருந்து'. அதன் இறுதிக் குறளில் வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கின்றார். நோயுற்றவர், நோய் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்பன அவை. உரையாசிரியர் பரிமேலழகர் இந்நான்கனுள் ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு இயல்புகளை வகுத்துரைக்கின்றார். பேணுபவர்க்கு உரியனவாக அவர் கொள்வன: நோயாளிபால் அன்பு, மனமொழி மெய்களின் தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வன்மை, அறிவு ஆகியன.

இருபது ஆண்டுகளாக இக்குறளை வகுப்பில் நடத்தி வருகின்றேன். எனினும், நான்காம் கூற்றின் பொருள் எனக்கு விளங்கியது 2017-ஆம் ஆண்டில்தான். என் தங்கையின் நான்கு வயது மகனுக்கு இரத்தப் புற்றுநோய் என்று மருத்துவர் கூறிய ஆண்டு அது. அக்குடும்பம் கற்ற பாடத்தையும், அதில் நான் செய்த பிழையையும் மாணவர்க்கும் பெரியோர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் இயல்பு

நம் எலும்புகளின் உள்ளே மஜ்ஜை என்னும் மென்மையான பகுதி உள்ளது. இரத்தத்தின் சிவப்பணுக்களும் வெள்ளணுக்களும் தட்டணுக்களும் பிறக்கும் இடம் அதுவே. அங்கு முதிர்ச்சியடையாத வெள்ளணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகி, நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் செய்துவிடும் நிலையே இரத்தப் புற்றுநோய். சிவப்பணு குறைவதால் குழந்தை வெளிறிச் சோர்கின்றது. தட்டணு குறைவதால் தோலில் செம்புள்ளிகள் தோன்றுகின்றன. ஈறில் குருதி கசிகின்றது. நல்ல வெள்ளணு குறைவதால் காய்ச்சல் விட்டுவிட்டு வருகின்றது. எலும்பு வலியால் ஓடியாடிய பிள்ளை நொண்டி நடப்பதும் உண்டு.

குழந்தைகட்கு வரும் புற்றுநோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது இதன் ஒரு வகையாகிய 'அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா' என்பதாகும். இரண்டு முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளையே இது பெரிதும் தாக்குகின்றது. இது தொற்றுநோய் அன்று. தாயின் உணவாலோ தந்தையின் குற்றத்தாலோ கண்ணேற்றினாலோ வருவதும் அன்று. என் தங்கையின் வீட்டிற்கு நலம் விசாரிக்க வந்தோருள் சிலர் இம்மூன்றனையும் அவள் காதுபடவே பேசினர். ஆதலின் இதனை இங்கு அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது.

மருந்து வந்த வழி

முக்கால் நூற்றாண்டுக்கு முன்பு இந்நோய்க்கு மருந்தே இல்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சிட்னி பார்பர் என்னும் மருத்துவர் 'அமினோப்டெரின்' என்ற மருந்தை நோயுற்ற குழந்தைகட்குக் கொடுத்து, அவருள் பதின்மரிடம் நோய் சிறிது காலம் அடங்கியதைக் கண்டார். அச்செய்தியை அவர் 1948-இல் வெளியிட்டார். அம்மருந்து உருவானது லெடர்லே ஆய்வுக்கூடத்தில், எல்லப்பிரகடா சுப்பாராவ் என்னும் இந்தியரின் தலைமையில் ஆகும். ஆந்திரத்துப் பீமவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் அவர். அம்மருந்தின் வழிவந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் இந்நோய்க்கு இன்றியமையாத மருந்தாக விளங்குகின்றது.

மற்றொரு மருந்து வின்கிரிஸ்டின். இது நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படுவது. 1960-களின் தொடக்கத்தில் மருத்துவத்திற்கு வந்தது. அச்செடியை நம் மக்கள் சுடுகாட்டு மல்லி என்றும் அழைப்பர். நம்மூர் மையவாடிகளில் கல்லறைகளுக்கு இடையே யாரும் நீரூற்றாமல் பூத்து நிற்கும் அச்செடி, பிள்ளைகளை அவ்விடத்திற்கு வாராமல் காக்கும் மருந்தைத் தன்னுள் கொண்டிருக்கின்றது என்பதை எண்ணி வியக்காமல் இருக்க இயலாது.

ஒரு மருந்தைத் தனித்துக் கொடுத்தால் நோய் சில மாதங்களில் மீண்டது. பல மருந்துகளைச் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் கொடுக்கும் முறையை 1962-இல் தொடங்கப்பெற்ற மெம்பிஸ் நகரத்துச் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்டு பிங்கல் குழுவினர் வளர்த்தெடுத்தனர். நம் நாட்டில் 1984 முதல் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாடா மருத்துவமனை, புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் ஆகிய மூன்றும் 'எம்.சி.பி. 841' என்னும் பொதுவான சிகிச்சை முறையைக் கைக்கொண்டன. அதனால் பிழைத்தெழும் பிள்ளைகளின் எண்ணிக்கை பெரிதும் உயர்ந்தது. வளம் மிக்க நாடுகளில் இன்று இந்நோயுற்ற நூறு குழந்தைகளுள் ஏறத்தாழத் தொண்ணூறு பேர் பிழைக்கின்றனர்.

மருத்துவரும் மருந்தும் ஆகிய இரு கூறுகளும் இவ்வாறு நிறைவெய்தி வருகின்றன. இனி நான்காம் கூற்றினைக் காண்போம்.

தணிதலும் தீர்தலும்

இச்சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீளும். முதற்கட்டம் ஏறத்தாழ ஒரு மாதம். அம்மாத முடிவில் மஜ்ஜையைச் சோதித்தால், பெரும்பாலான குழந்தைகளிடம் நோயணுக்கள் நுண்ணோக்கியில் தென்படுவதில்லை. இந்நிலையை மருத்துவர்கள் 'ரெமிஷன்' என்பர்.

என் மருமகனுக்கும் அந்நாள் வந்தது. சென்னையில் ஒரு மருத்துவமனையில் மருத்துவர் அச்சொல்லைக் கூறியபோது, அதற்குப் பொருள் என்னவென்று என் மைத்துனர் என்னைக் கேட்டார். ஊரில் என் தந்தையாரும் தொலைபேசியில் காத்திருந்தார். சொற்களையே தொழிலாகக் கொண்ட நான், "குணமாகிவிட்டது" என்று மொழிபெயர்த்தேன்.

அந்த ஒரு சொல் எங்களை ஐந்து வாரங்கள் ஏமாற்றியது. இராமநாதபுரத்திலிருந்து இரவு இரயிலில் எழும்பூர் வந்திறங்கி, ஊசிக்காக நாள் முழுதும் காத்திருந்து, மறு இரவு திரும்ப வேண்டும். பிள்ளையின் முடி உதிர்ந்திருந்தது. ஸ்டீராய்டு மருந்தால் முகம் வீங்கியிருந்தது. ஆயினும் அவன் சிரித்தான், சோறு கேட்டான், முற்றத்தில் பந்து உதைத்தான். "குணமான பிள்ளையை இன்னும் ஏன் குத்துகிறார்கள்?" என்றார் என் தந்தையார். சில வாரம் பொறுக்கலாம் என்று நானும் உடன்பட்டேன்.

கணக்கைப் பார்த்தால் எங்கள் அறியாமை விளங்கும். நோய் கண்டறியப்படும் நாளில் ஒரு குழந்தையின் உடலில் ஏறத்தாழ ஓர் இலட்சம் கோடி நோயணுக்கள் இருக்கும். முதல் மாத மருந்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அழிந்தாலும் எஞ்சுவன ஆயிரம் கோடி. பதினாயிரம் அணுக்களுள் ஒன்று நோயணுவாயினும் கண்டுபிடிக்கும் நுண்சோதனைகள் இன்று உள்ளன. எனினும், சோதனைக்கு அகப்படாதனவும் இருக்கக்கூடும். மூளை, தண்டுவடம் ஆகிய பகுதிகளில் வழக்கமான மருந்துகள் எளிதிற் புகா. ஆதலால் அங்கு ஒளிந்திருக்கும் அணுக்களுக்காகவே முதுகுத் தண்டில் ஊசியிடுகின்றனர். நோய் நீறு பூத்த நெருப்பாய் இருக்கும் காலத்தில் மருந்தை நிறுத்தினால் அது மீண்டும் பற்றும். மீண்டு வரும் நோய் முன்னினும் கொடிது.

ரெமிஷன் என்பதற்கு உரிய தமிழ் தணிதல், தீர்தல் அன்று. 'மருந்து' அதிகாரத்தில் இவ்விரு வினைகளும் ஆளப்பட்டுள்ளன. எத்தனையோ முறை அவ்வதிகாரத்தை நடத்தியும், வேண்டிய நேரத்தில் வேண்டிய சொல் என் நாவில் வரவில்லை.

ஐந்தாம் வார முடிவில் மருத்துவமனையின் சமூகப் பணியாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, இக்கணக்கை என் தங்கையிடம் பொறுமையாக விளக்கினார். அன்றிரவே அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரயிலேறினாள். அதே அறையில் அடுத்த படுக்கையில் இருந்த ஒரு சிறுவனும் எங்களைப் போலவே நோய் தணிந்து ஊர் திரும்பியவன். அவன் குடும்பத்தார் உரிய காலத்தில் வரவில்லை. பின்னர் வந்தபோது நோய் மீண்டிருந்தது, அவன் பிழைக்கவில்லை. எங்கள் பிள்ளைக்கும் அவனுக்கும் இடையே இருந்தது ஒரு தொலைபேசி அழைப்பு மட்டுமே என்று இன்றும் எண்ணுகின்றேன்.

பேணுவோர் படும் பாடு

பின்வந்த இரண்டரை ஆண்டுகளில் பரிமேலழகர் கூறும் நான்கு இயல்புகளையும் என் தங்கையிடம் கண்டேன்.

முதலாவது தூய்மை. மருந்தால் வெள்ளணு குறையும் நாட்களில் சிறு தொற்றும் உயிருக்கு ஊறாகும். பெருநாளன்று பிள்ளையைக் கட்டியணைக்க வந்த உறவினரைக் கைகழுவிவிட்டு வருமாறு அவள் கேட்டாள். இருமலோடு வந்த ஒருவரை வாசலிலேயே நிறுத்தினாள். செருக்குடையவள் என்று பேசினர், அவள் பொருட்படுத்தவில்லை.

இரண்டாவது அறிவு. வெப்பமானியில் 100.4 பாரன்ஹீட் கடந்தால் நள்ளிரவாயினும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வீட்டு மருந்து கொடுத்துக் காத்திருத்தல் ஆகாது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அவள் இதனை ஒருபோதும் மறந்ததில்லை.

மூன்றாவது சொல்லியதைச் செய்யும் வன்மை. பிற்கட்டத்தில் மெர்காப்டோபியூரின் என்னும் மாத்திரையை நாள்தோறும் வீட்டிலேயே கொடுக்க வேண்டும். நூறு நாளில் தொண்ணூற்றைந்து நாளுக்குக் குறைவாக இதனை உட்கொண்ட பிள்ளைகளிடம் நோய் மீளும் வாய்ப்பு மிகுதி என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. அவள் நாட்காட்டியில் ஒவ்வோர் இரவும் ஒரு கோடிட்டாள். அந்நாட்காட்டிகளை இன்னும் வைத்திருக்கின்றாள்.

நான்காவது அன்பு. அதில் எங்கள் குடும்பம் தவறியது ஓரிடத்தில். பிள்ளைக்கு ஒன்பது வயதில் ஓர் அக்காள் இருந்தாள். பெற்றோர் சென்னையில் இருந்த நாளெல்லாம் அவள் பாட்டனார் வீட்டில் விடப்பட்டாள். நோயைப் பற்றி அவளிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சிறுபெண்ணுக்கு எதற்கு என்று மறைத்தோம். அவள் பேச்சுக் குறைந்தது, படிப்பில் பின்தங்கினாள். ஏழெட்டு மாதம் கழிந்து ஒரு நாள் என்னிடம் மெல்லக் கேட்டாள்: "மாமா, நான் அவனைத் திண்ணையிலிருந்து தள்ளிவிட்டேனே, அதனால்தானா?" அத்தனை மாதமும் அந்தப் பழியை அவள் தனியே சுமந்திருக்கின்றாள். மனமொழிகளின் தூய்மை என்பதில், பிள்ளைகளுக்கு அவர்தம் வயதுக்கேற்ப உண்மையைச் சொல்லுதலும் அடங்கும் என்பதை அன்று உணர்ந்தேன்.

பொருள் இழப்பும் சிறிதன்று. வளைகுடா நாட்டில் கடை ஒன்றில் பணியாற்றிய என் மைத்துனர் விடுப்பில் வந்து, திரும்ப இயலாமல் வேலையை இழந்தார். தமிழகத்தில் 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தபின் ஏழைகளுக்கு மருத்துவச் செலவின் சுமை பெரிதும் குறைந்துள்ளது. ஆனால் இரயில் கட்டணம், சென்னையில் தங்கும் செலவு, இழந்த கூலி ஆகியவற்றை எக்காப்பீடும் தருவதில்லை. பல குடும்பங்கள் சிகிச்சையைப் பாதியில் விடுவது இச்சிறு செலவுகளுக்கு அஞ்சியே ஆகும்.

நாம் செய்யத்தக்கன

நம் ஜமாஅத்துகளும் பைத்துல்மால்களும் நோயாளிகளுக்கு வழங்கும் உதவி போற்றத்தக்கது. எனினும் அது பெரும்பாலும் நோய் தெரிந்த முதல் வாரத்தில் ஒருமுறை கொடுக்கப்படுவதாகவே உள்ளது. இந்நோய்க்கு வேண்டுவது இரண்டரை ஆண்டுக்கு மாதந்தோறும் ஒரு சிறுதொகை. பயணத்திற்குத் துணையாக ஓர் ஆள். குறித்த நாளில் மருத்துவமனைக்குச் சென்றனரா என்று கேட்க ஒரு குரல். ஜகாத் பொருளைப் பங்கிடும் பெரியோர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டுகின்றேன்.

மாணவர்கட்கும் ஒரு கடமை உண்டு. இப்பிள்ளைகளுக்கு அடிக்கடி தட்டணு ஏற்ற நேரும். கொடையாகப் பெற்ற தட்டணுக்களை ஏறத்தாழ ஐந்து நாட்களுக்கு மேல் சேமித்து வைக்க இயலாது. ஆதலின் ஆண்டுக்கொருமுறை முகாம் நடத்துவது போதாது. அழைத்தபோது செல்லும் கொடையாளர் பட்டியல் வேண்டும். பதினெட்டு வயது நிரம்பிய நலமுடைய மாணவர் இதில் தம் பெயரைத் தரலாம். நோயுற்ற பிள்ளையின் உடன்பிறந்தோர்க்கு மாலையில் ஒரு மணிநேரம் பாடம் சொல்லித் தருவதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே.

என் மருமகனின் சிகிச்சை 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முடிந்தது. அவன் இன்று பள்ளிக்குச் செல்கின்றான். மருத்துவர் முதல் சில ஆண்டுகள் 'தீர்ந்தது' என்ற சொல்லைச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஐந்தாண்டு கடந்த பின்னரே அவர் அதனைச் சொன்னார். அப்போது அருகிலிருந்த அவன் அக்காள் என்னைப் பார்த்து, "மாமா, இது சரியான மொழிபெயர்ப்புதானே?" என்றாள். "ஆம், இது சரி" என்றேன்.