லென்ஸ் விவரம் சொல்லலாம், வீட்டு வாசலைக் காட்ட வேண்டுமா?

ஆடி மாதம் வந்துவிட்டால் அந்தியூர் புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் குதிரை, மாட்டுச் சந்தையின் படங்கள் நம் கைபேசிகளை நிறைத்துவிடும். மார்வாரி, கத்தியவாரி குதிரைகள், பர்கூர் மலையின் செந்நிற மாடுகள், காங்கேயம் காளைகள் என்று எதைப் பார்த்தாலும் படம். திப்பு சுல்தான் தன் படைக்கு இங்கேதான் குதிரை வாங்கினார் என்று ஊரில் பெரியவர்கள் சொல்வதும் உண்டு. குதிரைப் பிரியர்களோடு கேமரா பிரியர்களும் வெளியூர்களிலிருந்து வருகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் பலரும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள்.

பாயும் குதிரையை அப்படியே நிறுத்திக் காட்டும் ஒரு படத்தை யாராவது போட்டால் உடனே வரும் கேள்வி, 'எந்த கேமரா, என்ன லென்ஸ்?' என்பதுதான். பதில் சொல்வது நல்ல பழக்கம். தொழிலை ரகசியமாக வைத்துக்கொள்ளும் காலம் போய்விட்டது, கற்றதைச் சொல்லிக்கொடுப்பதில் நமக்கும் நன்மை இருக்கிறது. ஆனால் சொல்வதை முழுமையாகச் சொல்ல வேண்டும். '50 மி.மீ. லென்ஸில் எடுத்தேன்' என்று மட்டும் சொன்னால் கற்றுக்கொள்பவருக்குப் பாதி விவரம்தான் கிடைக்கும். அதே லென்ஸை முழு அளவு சென்சார் உள்ள கேமராவில் பொருத்தினால் ஒரு காட்சி, விலை குறைந்த சிறிய சென்சார் கேமராவில் பொருத்தினால் வேறு காட்சி. நிகானின் சிறிய சென்சாரில் அது 75 மி.மீ. லென்ஸ் போலவும், கேனானில் 80 மி.மீ. போலவும் காட்சியை நெருக்கிக் காட்டும். அதனால்தான் லென்ஸோடு கேமராவின் பெயரையும் கேட்கிறார்கள். ஓடும் குதிரைக்கு லென்ஸைவிட முக்கியமானது ஷட்டர் வேகம். நொடியில் 1000-ல் ஒரு பங்கு அளவுக்கு வைத்தால்தான் குளம்பும் பிடரி மயிரும் கலங்காமல் நிற்கும். இதைச் சொல்லாமல் லென்ஸின் விலையை மட்டும் சொன்னால், கேட்ட பையன் அப்பாவிடம் புது லென்ஸ் கேட்டு நிற்பான்!

இந்த விவரங்களை எழுதி வைக்கக்கூடத் தேவையில்லை. கேமராவே ஒவ்வொரு படத்துக்குள்ளும் எழுதிவிடுகிறது. 'எக்சிஃப்' என்று இதற்குப் பெயர். ஜப்பான் மின்னணுத் தொழில் துறையினர் 1995-ல் உருவாக்கிய பொது முறை இது. கேமராவின் நிறுவனம், மாடல், ஷட்டர் வேகம், துவார அளவு, ஐ.எஸ்.ஓ., ஃபிளாஷ் எரிந்ததா இல்லையா, எடுத்த தேதி, மணி, நொடி எல்லாம் அதில் இருக்கும். 2010-ல் வந்த பதிப்பில் லென்ஸின் விவரம், கேமராவின் சீரியல் எண், உரிமையாளர் பெயர் ஆகியவற்றுக்கும் தனித்தனி இடம் ஒதுக்கப்பட்டது. கைபேசிப் படத்திலும் இது உண்டு. கணினியில் படத்தின் மேல் வலது கிளிக் செய்து 'ப்ராப்பர்டீஸ்', பிறகு 'டீடெய்ல்ஸ்' போய்ப் பாருங்கள்.

இங்கேதான் பெற்றோர் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. அந்தப் பட்டியலிலேயே இருப்பிடத்துக்கும் ஓர் இடம் உண்டு. கேமரா செயலிக்கு இருப்பிட அனுமதி கொடுத்து, அதைப் பதியும் வசதியும் இயங்கிக்கொண்டிருந்தால், படம் எடுத்த இடத்தின் ஜி.பி.எஸ். எண்களும் படத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். தனி கேமராக்களில் பெரும்பாலும் ஜி.பி.எஸ். கிடையாது. ஆனால் நிகானின் 'ஸ்னாப்பிரிட்ஜ்' போன்ற செயலிகள் மூலம் கேமராவைக் கைபேசியோடு இணைத்தால், கைபேசி தன் இருப்பிடத்தைக் கேமராவுக்குச் சொல்லிவிட முடியும்.

அந்த எண்கள் எவ்வளவு துல்லியம்? அந்தியூர் இருப்பது சுமார் 11.6 டிகிரி வடக்கு, 77.6 டிகிரி கிழக்கு. தசமப் புள்ளிக்குப் பின் ஒரே ஓர் இலக்கம் இருந்தால் 11 கிலோமீட்டர் அளவுக்குத்தான் இடம் தெரியும், அதாவது ஊர் தெரியும். இரண்டு இலக்கம் என்றால் ஒரு கிலோமீட்டர், பேட்டை தெரியும். நான்கு இலக்கம் என்றால் 11 மீட்டர். வீட்டு வாசல் தெரிந்துவிடும். கைபேசி நான்கு இலக்கத்துக்கு மேலேயே எழுதுகிறது.

இது கற்பனைப் பயம் அல்ல. 2012 டிசம்பரில் நடந்ததைச் சொல்கிறோம். வைரஸ் தடுப்பு மென்பொருளால் உலகப் புகழ் பெற்ற ஜான் மெக்கஃபி, பெலிஸ் நாட்டில் அண்டை வீட்டுக்காரர் கொலை தொடர்பாகப் போலீஸ் விசாரிக்கத் தேடியபோது தலைமறைவானார். அவரைச் சந்தித்த 'வைஸ்' பத்திரிகையினர், 'நாங்கள் அவரோடு இருக்கிறோம்' என்று பெருமையாக ஒரு படத்தை வெளியிட்டார்கள். ஐபோனில் எடுத்த அந்தப் படத்தின் எக்சிஃபில் ஜி.பி.எஸ். எண்கள் அப்படியே இருந்தன. பார்த்தவர்கள் வரைபடத்தில் போட்டார்கள். பக்கத்து நாடான குவாத்தமாலாவில் ஒரு நீச்சல் குளத்தின் ஓரத்தைக் காட்டியது. எண்களை நானே மாற்றினேன் என்று மெக்கஃபி முதலில் சமாளித்தார், பிறகு குவாத்தமாலாவில் இருப்பதை ஒப்புக்கொண்டார். சில நாட்களில் சட்டவிரோதமாக நாட்டுக்குள் நுழைந்ததாக அங்கே பிடிபட்டார். கணினிப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்டிருந்தவரின் நிலையே இதுதான்.

நாம் யாரிடமிருந்தும் ஒளிந்து வாழவில்லையே என்று கேட்கலாம். ஆனால் வீட்டின் அந்தரங்கத்தைக் காப்பது குற்றவாளிகளுக்கு மட்டும் உள்ள தேவை இல்லை. பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லாமல் நுழையக் கூடாது என்று திருக்குர்ஆன் (24:27) கட்டளையிடுகிறது. ஒருவர் அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்களின் அறையைத் துவாரம் வழியாக எட்டிப் பார்த்தபோது நபியவர்கள் கடுமையாகக் கண்டித்ததையும், அனுமதி கேட்கும் சட்டமே பார்வையின் காரணமாகத்தான் ஏற்பட்டது என்று விளக்கியதையும் ஸஹ்ல் பின் ஸஅத் (ரழி) அறிவிக்கிறார்கள். புகாரியில் இது பதிவாகியுள்ளது. எட்டிப் பார்ப்பவர் மீது குற்றம் உண்டு. அந்தத் துவாரத்தை நாமே போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறோமா என்பதையும் யோசிக்க வேண்டும் அல்லவா?

நம் சமுதாயத்துக்கு இதில் கூடுதல் கவலையும் இருக்கிறது. 2021 ஜூலையில் 'சுல்லி டீல்ஸ்', 2022 ஜனவரி முதல் நாளில் 'புல்லி பாய்' என்ற பெயர்களில், முஸ்லிம் பெண்களின் படங்களை அவர்களுக்குத் தெரியாமல் எடுத்து, ஏலம் விடுவதுபோல் சித்திரித்துக் கேவலப்படுத்தினார்கள். பத்திரிகையாளர்களும் சமூக ஆர்வலர்களும் அதில் இருந்தார்கள். அந்தக் கொடுமைக்கும் எக்சிஃபுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. பொதுவெளியில் கிடந்த படங்களையே எடுத்தார்கள். ஆனால் கெட்ட எண்ணத்தோடு படங்களைச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது அதில் தெரிந்தது. அப்படிப்பட்டவர் கையில் கிடைக்கும் படத்தில் வீட்டின் இருப்பிடமும் சேர்ந்திருந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

எல்லாப் படத்திலும் இந்த விவரம் போய்ச் சேருமா என்றால், இல்லை. வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் படமாக அனுப்பினால் அது சுருக்கப்படும்போது இருப்பிட விவரம் நீங்கிவிடும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் போட்ட படத்தை மற்றவர் இறக்கினாலும் அதில் எக்சிஃப் இருக்காது. அந்த நிறுவனங்கள் தம்மிடம் எடுத்து வைத்துக்கொள்வது வேறு கதை. சிக்கல் வருவது, படம் தெளிவு குறையக் கூடாது என்று நாம் கூடுதல் அக்கறை காட்டும்போதுதான். வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால், டெலிகிராமில் 'ஃபைல்' ஆக அனுப்பினால், மின்னஞ்சலில் இணைத்தால், கூகுள் டிரைவில் இணைப்பு கொடுத்தால் அசல் கோப்பு எதுவும் நீங்காமல் போகிறது. ஃபிளிக்கர் போன்ற புகைப்படத் தளங்கள் கேமரா விவரத்தைப் படத்தின் பக்கத்திலேயே காட்டும். நிக்காஹ் முடிந்ததும் வீட்டில் கைபேசியில் எடுத்த இருநூறு படங்களை, துபாயில் இருக்கும் மச்சானுக்குத் தெளிவாகப் போகட்டும் என்று டிரைவில் போட்டு, அந்த இணைப்பைக் குடும்பக் குழுவிலும் போட்டுவிடுகிறோம். குழுவிலிருந்து அது எங்கே போகும் என்பது யார் கையில் இருக்கிறது?

செய்ய வேண்டியது அதிகமில்லை. ஆண்ட்ராய்டு கைபேசியில் கேமரா செயலியைத் திறந்து, செட்டிங்கில் 'லொகேஷன்' என்று தொடங்கும் வசதியை அணைத்துவிடுங்கள். பெயர் கைபேசிக்குக் கைபேசி சற்று மாறும். ஐபோனில் செட்டிங், பிரைவசி, லொகேஷன் சர்வீசஸ், கேமரா என்று போய் 'நெவர்' தேர்வு செய்யலாம். அணைக்க மனமில்லை, ஊர் சுற்றிய நினைவுக்கு இடம் பதிவாக வேண்டும் என்பவர்கள், ஐபோனில் படத்தைப் பகிரும் நேரத்தில் மேலே வரும் 'ஆப்ஷன்ஸ்' பகுதியில் லொகேஷனை மட்டும் நீக்கி அனுப்பலாம். விண்டோஸ் கணினியில் நாம் முன்பு சொன்ன 'டீடெய்ல்ஸ்' பக்கத்தின் கீழேயே தனிப்பட்ட விவரங்களை நீக்கும் வழி இருக்கிறது. ஷட்டர் வேகம், லென்ஸ், கேமரா மாடல் ஆகியவற்றை வைத்துக்கொண்டு இருப்பிடம், உரிமையாளர் பெயர், சீரியல் எண் ஆகியவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து நீக்கவும் முடியும். படம் கற்பவர்களுக்கு வேண்டியது முதல் வகை மட்டும்தான். அதைப் படத்தின் கீழே கையாலேயே எழுதிவிடுவது இன்னும் நல்லது.

படத்தின் உள்ளே தெரிவதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் பள்ளிச் சீருடையில் உள்ள முத்திரை, வாசலில் நிற்கும் வண்டியின் எண், பின்னால் தெரியும் தெருப் பலகை இவற்றை எந்தச் செட்டிங்கும் அழிக்காது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறோம். பகிரும் பிரதியில்தான் நீக்க வேண்டும், வீட்டில் வைத்திருக்கும் அசலில் நீக்கிவிடாதீர்கள். எங்கோ, எப்போதோ எடுத்த பழைய படத்தை 'நேற்று இங்கே நடந்தது' என்று பரப்பி ஊர்களுக்குள் பகையை மூட்டும் வேலை நாட்டில் நடக்கிறது. உங்கள் படத்தை யாராவது அப்படிப் பயன்படுத்தினால், தேதியும் நேரமும் உள்ள அசல் உங்களிடம் இருப்பது பெரிய உதவி. எக்சிஃபை மாற்றி எழுதுவது எளிது என்பதால் அது மட்டுமே முடிவான சான்று ஆகாது. ஆனால் விசாரணை அசலிலிருந்துதான் தொடங்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சான்றாகக் கொடுக்கும்போது அதற்கான சான்றிதழையும் கோப்பின் 'ஹாஷ்' எண்ணையும் கேட்கிறது. வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த சுருங்கிய படத்தை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்வது சிரமம்.

கேமரா திருட்டுப் போனாலும் இதே அசல்தான் கைகொடுக்கும். வாங்கிய பில்லில் உள்ள சீரியல் எண்ணும் பழைய படங்களுக்குள் பதிவாகியிருக்கும் எண்ணும் ஒன்றாக இருந்தால், காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும்போது அது உங்கள் கேமராதான் என்று காட்டுவது எளிது. பில் தொலைந்து போனவர்கள் இன்றைக்கே ஒரு பழைய படத்தைத் திறந்து, அந்த எண் பதிவாகியிருந்தால் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளலாம்.