80 ஆண்டு உறங்கிய இசை!

பதினேழு வயதுப் பையன் ஒருவன் பெரிய இசை உருப்படி ஒன்றை எழுதினான். ஏறக்குறைய ஒரே மாதத்தில் எழுதி முடித்தான். ஆனால் அவன் உயிரோடு இருந்தவரை அது ஒரு தடவைகூட மேடை ஏறவில்லை!

அந்தப் பையன்தான் ஜார்ஜ் பிஸே. பிற்காலத்தில் "கார்மென்" என்ற ஓபராவை (இசை நாடகத்தை) எழுதி அழியாப் புகழ் பெற்றவர்.

இளம் மேதை

பிஸே 1838ம் ஆண்டு பாரீஸ் நகரில் பிறந்தார். தந்தை பாட்டு வாத்தியார். தாயார் பியானோ வாசிப்பார். 10 வயது நிரம்பு முன்பே பாரீஸ் இசைக் கல்லூரியில் பிஸேக்கு இடம் கிடைத்துவிட்டது!

1855ம் ஆண்டு அக்டோபர் 29ந் தேதி அவர் ஒரு சிம்பனி எழுத உட்கார்ந்தார். அப்போது 17 வயது முடிந்து 4 நாள்தான் ஆகியிருந்தது. நவம்பர் மாதத்திலேயே வேலை முடிந்தது.

சிம்பனி என்பது பல வாத்தியங்கள் ஒன்றுகூடி இசைக்கும் நீண்ட உருப்படி. பிஸேயின் சிம்பனியில் 4 பகுதிகள் உண்டு. முதல் பகுதி துள்ளி ஓடும். இரண்டாவதில் ஓபோ என்ற குழல் வாத்தியம் தனியே எழுந்து உருக்கமாகப் பாடும். மூன்றாவதில் நாட்டுப்புற ஆட்டத்தின் களிப்பு. நாலாவதில் வயலின்கள் மின்னலாய்ப் பறக்கும்!

ஏன் மறைத்தார்?

இவ்வளவு நல்ல இசையை அவர் ஏன் வெளியிடவில்லை?

பிஸே தம் குருவாக மதித்தவர் கூனோ. அதே 1855ல் கூனோவும் ஒரு சிம்பனி எழுதியிருந்தார். அதைப் பியானோவுக்கு ஏற்றபடி மாற்றி எழுதியவர் பிஸேதான்! குருவின் சாயல் சீடனின் இசையில் நன்றாகவே படிந்துவிட்டது. "குருவைப் பார்த்து எழுதியது" என்று உலகம் சொல்லிவிடுமோ என அவர் அஞ்சியிருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து.

1875 மார்ச் 3ந் தேதி "கார்மென்" அரங்கேறியது. வரவேற்பு சரியில்லை. சரியாக மூன்று மாதம் கழித்து, ஜூன் 3ந் தேதி, பிஸே காலமானார். வயது 36தான். கார்மென் உலகை வெல்லப் போவதை அவர் காணவில்லை. சிம்பனியோ காகிதக் கட்டுக்குள் கிடந்தது.

நூலகத்தில் கிடைத்த புதையல்

பிஸேயின் மனைவி அந்தக் காகிதங்களை ரெனால்டோ ஹான் என்ற இசைப் புலவரிடம் கொடுத்தார். அவர் இசைக் கல்லூரி நூலகத்தில் சேர்த்தார். 1933ல்தான் சிம்பனி அங்கே கண்டுபிடிக்கப்பட்டது!

பிஸேயின் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதிய பார்க்கர், அதை இசை நடத்துநர் வைன்கார்ட்னரிடம் காட்டினார். அவர் உடனே அதன் அருமையை உணர்ந்தார். 1935 பிப்ரவரி 26ந் தேதி, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், அந்த இசை முதன் முதலாக முழங்கியது. எழுதி ஏறக்குறைய 80 ஆண்டுகளுக்குப் பிறகு!

1947ல் நாட்டிய மேதை பாலன்சீன் அதற்குப் பாரீசில் பாலே நாட்டியம் அமைத்தார். இன்று உலகின் பெரிய இசை அரங்குகளில் எல்லாம் அது ஒலிக்கிறது.

குருவின் சிம்பனியைவிடச் சீடனின் சிம்பனியைத்தான் இன்று ரசிகர்கள் அதிகம் கேட்கிறார்கள். அந்தப் பதினேழு வயதுப் பையன் அஞ்சியிருக்கத் தேவையே இல்லை!