காட்டோரக் கொல்லைக்குக் காமிராவும் விளக்கும்

வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது அமிர்தி. 1967ல் அமைக்கப்பட்ட சிறு உயிரியல் பூங்காவைப் பார்க்க வருவோருக்கு அது பொழுதுபோக்கும் இடம். அதைப் போன்ற காட்டோர ஊர்களில் நிலம் வைத்திருப்போருக்கோ இரவெல்லாம் கவலைதான். நிலக்கடலை காய் பிடித்ததும் காட்டுப்பன்றி இறங்கி விடுகிறது. பட்டியில் ஆடு குறைகிறது. மோட்டாரின் செம்புக் கேபிளை அறுத்துச் செல்லும் திருட்டும் உண்டு.

இதனால் கொல்லை வீட்டில் காவல் காமிராவும், வெளிப்புறத்தில் போகஸ் விளக்கும் வைக்கும் வழக்கம் சிறு விவசாயிகளிடமும் பரவி வருகிறது. இரண்டையும் தனித்தனியே வாங்கி மாட்டிவிட்டால் பயன் பாதிதான். ஆள் அல்லது விலங்கு வரும்போது மட்டும் விளக்கு எரிய வேண்டும். அந்த வெளிச்சத்தில் காமிரா தெளிவாகப் பதிய வேண்டும். இப்படி இரண்டையும் இணைப்பது எப்படி, அதில் உயிருக்கு ஆபத்து வராமல் காப்பது எப்படி என்பதை விவசாயிகள் தெரிந்துகொள்வது நலம்.

இரவு முழுதும் எரிய விடலாமா?

கூடாது. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, விலங்குகள் அசையாத வெளிச்சத்துக்குச் சில நாட்களில் பழகி விடுகின்றன. கென்யா நாட்டில் நைரோபி தேசியப் பூங்காவை ஒட்டி வாழ்ந்த ரிச்சர்ட் துரேரே என்ற சிறுவன் இதைக் கண்டறிந்தான். நிலையாக எரியும் விளக்கைச் சிங்கங்கள் பொருட்படுத்தவில்லை. ஆள் விளக்கோடு நடமாடும்போது மட்டும் அவை விலகின. பழைய கார் பேட்டரியையும் மோட்டார் சைக்கிள் இண்டிகேட்டரையும் கொண்டு விட்டு விட்டு எரியும் விளக்குகளை அமைத்து, அவன் தன் வீட்டு மாடுகளைக் காத்தான்.

இரண்டாவது, விளக்குப்பொறி வைத்தவர்களுக்குத் தெரியும், நெல் குருத்துப் பூச்சியின் அந்து வெளிச்சத்தைத் தேடி வரும். இரவு முழுதும் எரியும் விளக்கு பூச்சிகளை வயலுக்கு அழைப்பதாகும். சாமந்தி போன்ற குறும்பகல் பயிர்கள் மீது இரவு வெளிச்சம் தொடர்ந்து விழுந்தால் பூப்பது தள்ளிப்போகும்.

மூன்றாவது மின் செலவு. 20 வாட் விளக்குகள் இரண்டு 12 மணி நேரம் எரிந்தால் 480 வாட்-மணி செலவாகிறது. தேவைப்படும்போது மட்டும், மொத்தம் 1 மணி நேரம் எரிந்தால் 40 வாட்-மணி போதும். சூரிய மின்சாரத்தை நம்பியிருப்போருக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது.

எந்த முறை ஏற்றது?

விளக்கை ஏற்றிவைக்கும் உணர்வு இரண்டு இடங்களிலிருந்து கிடைக்கலாம்.

ஒன்று, விளக்கோடு சேர்ந்த அசைவு உணர்வி. இது உடல் சூடு நகர்வதை உணர்ந்து விளக்கைப் போடும். 2 முதல் 3 மீட்டர் உயரத்தில் பொருத்தினால் சுமார் 8 முதல் 12 மீட்டர் வரை உணரும். நேராக எதிரே வருவதைவிடக் குறுக்கே கடப்பதை நன்றாக உணரும். ஆகவே பன்றி வரும் தடத்துக்குக் குறுக்காகப் பார்க்கும்படி அமைக்க வேண்டும். கோடையில் தரையும் சுவரும் இரவிலும் சூடாக இருக்கும் நாட்களில் இதன் உணர்வு சற்றுக் குறையும். விளக்கு எரிந்ததும் அருகிலுள்ள காமிரா தானாகவே கறுப்பு வெள்ளையிலிருந்து வண்ணப் படத்துக்கு மாறிக்கொள்ளும். இருவேறு கருவிகளுக்கிடையே ஒயர் தேவையில்லை. சிறு விவசாயிக்கு எளிதும் மலிவும் இதுவே.

மற்றொன்று, காமிராப் பதிவுப் பெட்டியே விளக்கைப் போடுவது. படத்தில் அசைவு தெரிந்தால் பெட்டியின் பின்புறமுள்ள 'அலாரம் அவுட்' முனைகள் இணைந்து ஒரு சுவிட்சைப் போல் வேலை செய்யும். எல்லாப் பெட்டிகளிலும் இந்த முனைகள் இருப்பதில்லை. வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். மனிதரையும் வாகனத்தையும் பிரித்தறியும் காமிராக்கள் இப்போது கிடைக்கின்றன. ஆனால் அவை பன்றியைத் தவறவிடக்கூடும். எனவே வீட்டு வாசல், மோட்டார் கொட்டகை ஆகிய திருட்டு பயமுள்ள இடங்களுக்குப் பதிவுப் பெட்டி முறையும், கொல்லை ஓரத்துக்கு உணர்வி விளக்கும் பொருத்தமானவை.

மோட்டார் ஸ்டார்ட்டர் சொல்லும் பாடம்

பதிவுப் பெட்டி முறையில் பலர் செய்யும் தவறு, 230 வோல்ட் விளக்கு ஒயரை நேராக அலாரம் முனைகளில் கொடுத்துவிடுவது. அந்த முனைகள் சிறு மின்னோட்டத்துக்கு மட்டுமே ஆனவை. எல்.இ.டி. விளக்கு எரியும்போது இழுக்கும் மின்னோட்டம் குறைவுதான். ஆனால் போட்ட கணத்தில் அதைவிடப் பல மடங்கு பாயும். அதில் முனைகள் ஒட்டிக்கொள்ளும், அல்லது பெட்டியே கருகிவிடும்.

இதற்கான வழி விவசாயிக்குப் புதிதல்ல. மோட்டார் ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானை அழுத்தும்போது மோட்டாருக்குப் போகும் மின்சாரம் அந்தப் பொத்தான் வழியே போவதில்லை. பொத்தான் சுருளுக்கு மின்சாரம் தருகிறது. சுருள் காண்டாக்டரை இழுக்கிறது. காண்டாக்டர்தான் மோட்டாரின் மின்னோட்டத்தைத் தாங்குகிறது. விளக்குக்கும் அதே முறைதான். அலாரம் முனைகள் 12 வோல்ட் ரிலேயின் சுருளை மட்டும் இயக்க வேண்டும். ரிலேயின் தனி முனைகள் விளக்கை இயக்க வேண்டும். விளக்குகள் பல இருந்தால் ரிலே ஒரு காண்டாக்டரையும், காண்டாக்டர் விளக்குகளையும் இயக்கலாம். 12 வோல்ட் சுருளின் இரு முனைகளுக்கிடையே ஒரு டையோடை எதிர்த்திசையில் பொருத்தினால், சுருள் அணையும்போது எழும் எதிர் மின்னழுத்தம் பெட்டியைத் தாக்காது. ரிலேயும் காண்டாக்டரும் மூடிய பெட்டிக்குள், மழையும் எறும்பும் புகாதபடி இருக்க வேண்டும்.

பிறகு பதிவுப் பெட்டியின் அமைப்பில் அசைவு பார்க்க வேண்டிய பரப்பைக் குறிக்க வேண்டும். காற்றில் ஆடும் வாழை இலையையும் மரக்கிளையையும் அதிலிருந்து நீக்கிவிட வேண்டும். மாலை 6 முதல் காலை 6 வரை, ஒவ்வொரு முறையும் 2 நிமிடம் என்று வைத்தால் போதும்.

எங்கே மாட்டுவது?

விளக்கின் ஒளி காமிராவின் கண்ணில் நேராகப் படக்கூடாது. விளக்கு காமிராவுக்கு மேலேயோ பக்கவாட்டிலோ இருந்து, காமிரா பார்க்கும் திசையிலேயே பார்க்க வேண்டும். இரண்டுக்கும் இடையே ஒரு மீட்டராவது இடைவெளி விட்டால், வெளிச்சத்துக்கு வரும் பூச்சியும் அதைத் தின்ன வரும் சிலந்தியும் காமிராவை மறைக்கா. உணர்வி தன் விளக்கையோ வேறு விளக்கையோ பார்த்தபடி இருந்தால், விளக்கு ஓயாமல் எரிந்து அணையும். ஒளியைத் தரை நோக்கிச் சாய்த்து வைக்க வேண்டும்; காட்டுக்குள்ளோ அடுத்தவர் வீட்டுக்குள்ளோ பாய்ச்சக்கூடாது. காமிராவும் பிறர் வீட்டைப் பார்க்கக்கூடாது.

ஒயரில் கவனம்

பகலில் நன்றாக வேலை செய்யும் காமிரா இரவில் மட்டும் அணைந்துபோகிறது என்று சிலர் குறைப்படுவார்கள். பெரும்பாலும் குற்றம் மெல்லிய ஒயரில் இருக்கும். இரவில் காமிராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரிவதால் அது அதிக மின்னோட்டம் இழுக்கிறது. எடுத்துக்காட்டாக, வீட்டிலிருந்து 50 மீட்டர் தள்ளியுள்ள ஆட்டுப்பட்டிக் காமிரா அரை ஆம்பியர் இழுப்பதாகக் கொள்வோம். போக வர 100 மீட்டர் ஒயர். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரானால் ஏறத்தாழ 1.8 வோல்ட் வழியிலேயே குறைந்து, 12 வோல்ட் 10.2 ஆகிவிடும். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரானால் குறைவது 0.6 வோல்ட் மட்டுமே. நெட்வொர்க் கேபிள் வழியே மின்சாரமும் பெறும் காமிராவானால் 100 மீட்டருக்கு மேல் இழுக்கக்கூடாது.

காமிரா ஒயரையும் 230 வோல்ட் ஒயரையும் ஒரே குழாயில் இடக்கூடாது. எலி கடிக்காதபடி இரண்டையும் தனித்தனிக் குழாய்களில் கொண்டு செல்ல வேண்டும்.

உயிர் காக்கும் விதிகள்

ஈர மண்ணில் வெறுங்காலுடன் நிற்பவருக்கு, வீட்டுக்குள் தாங்கக்கூடிய மின்கசிவும் உயிரைப் பறிக்கும். எனவே கீழ்க்கண்டவற்றில் எதையும் விட்டுவிடக்கூடாது.

1. வெளிவிளக்குகளுக்குத் தனி 6 ஆம்பியர் எம்.சி.பி.யும், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பானும் வேண்டும். தடுப்பானின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும்.

2. இரும்பு அல்லது அலுமினிய உடல் கொண்ட விளக்கையும் இரும்புக் கம்பத்தையும் முறையாக எர்த் செய்ய வேண்டும்.

3. மும்முனை மோட்டார் இணைப்பிலிருந்து ஒரு முனையை எடுத்து, எர்த்தை நியூட்ரலாக வைத்து விளக்கு எரிப்பது சில கொல்லைகளில் காணப்படும் பழக்கம். இது கொலைக்குச் சமம். எர்த் கம்பி எங்காவது அறுந்தால், அதைத் தொட்டுக் கொண்டிருக்கும் மோட்டார் உடலும் குழாயும் மின்சாரம் ஏறி நிற்கும்.

4. மழையும் தூசியும் தாங்கும் ஐ.பி. 65 தரமுள்ள விளக்கே வாங்க வேண்டும். ஒயர் விளக்கினுள் நுழையும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் மழைநீர் உள்ளே இறங்காது.

5. விளக்கு ஒயரை வேலிக் கம்பியிலோ உயிர் மரத்திலோ கட்டக்கூடாது.

இலவச விவசாய மின் இணைப்பிலிருந்து விளக்குக்கும் காமிராவுக்கும் எடுக்க வரம்பு உண்டு. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே 230 வோல்ட் வேலையைச் செய்ய வேண்டும்.

சூரிய மின்சாரமானால்

ஒரு காமிராவும் சிறு பதிவுப் பெட்டியும் சேர்ந்து 16 வாட் இழுப்பதாகக் கொண்டால் நாளொன்றுக்கு 384 வாட்-மணி. விளக்குக்கு 40 சேர்த்து 424. நாளுக்கு 5 மணி நேர நல்ல வெயிலும், வழியில் ஏற்படும் இழப்பும் கணக்கிட்டால் 150 வாட் பலகை போதும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினால் சுமார் ஒன்றரை நாள் தாங்கும். அடைமழை நாட்களில் விளக்குகளைவிடப் பதிவுக்கே முதலிடம் தர வேண்டும்.

வேலியில் மின்சாரம் வேண்டாம்

காவலுக்கு என்று வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சுவோர் இன்னும் உள்ளனர். 2023 மார்ச் மாதத்தில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. இரண்டு குட்டிகள் தாயின்றி நின்றன. யானையைக் கொன்ற கம்பி, அதிகாலையில் மடை திறக்கப் போகும் சொந்த மகனையும் அடையாளம் பார்க்காது. 2023ல் தமிழக அரசு மின்வேலிகளைப் பதிவு செய்யவும் ஒழுங்குபடுத்தவும் தனி விதிகளே வெளியிட்டுள்ளது.

காமிரா எச்சரிக்கைதான் தருகிறது. கோவை மதுக்கரையில் ரயில் பாதையைக் கடக்கும் யானைகளைக் கண்டறிய 2024ல் வனத்துறை அமைத்த கோபுரக் காமிராக்களும் செய்தியைத்தான் தருகின்றன. ரயிலை மெதுவாக ஓட்டுவது மனிதரின் வேலை. கொல்லையிலும் அப்படியே. விளக்கு எரிந்ததும் பன்றியென்றால் ஒலி எழுப்பித் துரத்தலாம், கிட்டே போகக்கூடாது. ஆளென்றால் தனியே வெளியில் இறங்காமல் அண்டை வீட்டாரையும் காவல் நிலையத்தையும் அழைக்க வேண்டும். மயில் பகலில் மேய்வது. அதற்கு இந்த ஏற்பாடு உதவாது.

எல்லாம் பொருத்தியபின் மூன்று இரவுகள் சோதித்துப் பார்க்க வேண்டும். வீட்டார் ஒருவர் கொல்லை ஓரத்திலிருந்து நடந்து வரட்டும். எத்தனை அடியில் விளக்கு எரிகிறது, பதிவில் முகம் தெரிகிறதா என்று பார்த்து, கோணத்தையும் நேரத்தையும் திருத்திக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை காமிராக் கண்ணாடியைத் துடைத்து, சிலந்தி வலையை நீக்கி, மின்கசிவுத் தடுப்பானைச் சோதித்து வந்தால் இந்த ஏற்பாடு பல ஆண்டுகள் பயன் தரும்.